நாலு பேர், ஒரு சமையலறை மேஜை

விடிகாலை நாலே முக்கால். வெளியே கும்மிருட்டு. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். பெயர் முக்கியமில்லை. ஒஹையோவாக இருக்கலாம், மிச்சிகனாக இருக்கலாம்.

ஒரு பெண்மணி தூங்கிக்கொண்டிருக்கும் தன் குழந்தையைப் போர்வையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு காரில் ஏறுகிறார். வயது முப்பத்தி மூன்று. நாலு தெரு தள்ளி ஒரு வீடு. கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. உள்ளே கண்ணைக் கசக்கியபடி இன்னொரு பெண்மணி. அவருக்கு வயது நாற்பது. குழந்தை கைமாறுகிறது. பேச்சு கிடையாது, ஒரு தலையசைப்பு மட்டும்தான்.

இவருக்கு இன்றைக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி. அவருக்கு நாளைக்கு. நாளை இதே நேரத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகள் இவர் வீட்டுக்கு வந்துவிடும். வழியில் இன்னும் இரண்டு பேர் காரில் ஏறிக்கொள்வார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் அட்டையைப் பார்த்து மருந்துப் பெயர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, ஆறரைக்குள் மருத்துவமனை வாசல்.

உறவா? இல்லை. சிநேகிதிகளா? ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. பிறகு? ஒரே வகுப்பு. ஊர் கம்யூனிட்டி காலேஜில் நர்ஸிங் மாணவிகள்.

நான் மேலே சொன்னது ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதையல்ல. அந்த நாட்டின் எந்த கம்யூனிட்டி காலேஜ் நர்ஸிங் வகுப்பை எடுத்துக்கொண்டாலும் இதைப் போல நாலு கதைகள் கிடைக்கும். எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை. எந்தப் பேராசிரியரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் இது இல்லாமல் அந்தப் படிப்பைத் தாண்டுவது கஷ்டம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? அதற்கு ஒரு நூற்றைம்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

* * *

1873. அமெரிக்க நர்ஸிங்கின் சரித்திரத்தில் மறக்க முடியாத வருடம். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை, நியூஹேவன், பாஸ்டன் என்று மூன்று ஊர்களில், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் யோசனைகளைப் பின்பற்றி நர்ஸ் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. அதே வருடம் பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு மருத்துவமனையில் லிண்டா ரிச்சர்ட்ஸ் என்ற பெண்மணி பயிற்சியை முடித்து வெளியே வந்தார். அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் நர்ஸ் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

பயிற்சி எப்படி இருந்தது? அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் வார்டை விட்டு நகர முடியும். எங்கே போவது? வார்டுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன அறைக்கு. ராத்திரியில் நோயாளி கூப்பிட்டால் எழுந்து போகவேண்டும். லீவு? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மத்தியானம், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. மருந்து பாட்டில்களில் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். என்ன மருந்து கொடுக்கிறோம் என்பது நர்ஸுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை என்று நினைத்த காலம்.

1880-ல் இப்படிப்பட்ட பள்ளிகள் சுமார் 15. 1900-ல் நானூறுக்கும் மேல். அடேயப்பா! இருபதே வருடத்தில் இத்தனை கல்வித்தாகமா?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவே ஒரு கோடு போட்டு வரவு செலவு எழுதிப் பார்க்கும் வியாதி இன்னும் போகவில்லை. அந்த மருத்துவமனைகளின் கணக்கை எழுதிப் பார்ப்போமா?

செலவுப் பக்கம்: மாணவிக்குச் சாப்பாடு, படுக்க இடம், சலவை, கைச்செலவுக்குச் சில டாலர். வரவுப் பக்கம்: ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர உழைப்பு. வாரத்துக்கு ஆறு, ஏழு நாள். இரண்டு அல்லது மூன்று வருடம். சில இடங்களில் மாணவிகளைப் பணக்கார வீடுகளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டு, அதற்கான கூலியை மருத்துவமனை வாங்கிக்கொள்ளும். வகுப்பு? அது ராத்திரி, வேலை முடிந்த பிறகு, டாக்டருக்கு நேரமிருந்தால்.

லாபம் யாருக்கு என்று சொல்ல சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தேவையில்லை.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. மூன்று வருடம் மாடாக உழைத்துப் பட்டயம் வாங்கியதும், அதே மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் வேலை கிடைக்காது. எதற்குக் கொடுக்கவேண்டும்? அடுத்த செட் மாணவிகள்தான் சம்பளமில்லாமல் வந்துவிட்டார்களே! பட்டயம் பெற்றவர் வீடு வீடாகப் போய் தனிநபர்களுக்கு நர்ஸாக வேலை பார்க்கவேண்டியதுதான். 1920-கள் வரை இதுதான் நிலைமை. 1923-ல் ஜோசஃபின் கோல்ட்மார்க் தயாரித்த அறிக்கை இதைப் புட்டுப் புட்டு வைத்தது. மருத்துவமனையின் வேலைத் தேவை ஒரு பக்கம், மாணவியின் படிப்புத் தேவை ஒரு பக்கம், இரண்டும் மோதும்போது தோற்பது எப்போதும் படிப்புதான் என்றது. எல்லோரும் படித்தார்கள். தலையை ஆட்டினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பள்ளிகளில் ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

நர்ஸ்கள் விடுதி. நாலு சுவர். வாசலில் ஒரு வார்டன் அம்மா. ராத்திரி பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும். கல்யாணம் செய்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் சீட்டுக் கிழிந்துவிடும். சிறை மாதிரிதான். ஆனால் சிறைக்குள் இருந்தவர்கள் ஒருத்திக்கொருத்தி உயிரைக் கொடுத்தார்கள். முதன்முதலாக ஒரு நோயாளி கண்ணெதிரே இறந்த இரவில், அழுவதற்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அது நடந்திருந்தது. பல பள்ளிகளில் புதிதாக வருகிற பெண்ணுக்கு மூத்த மாணவி ஒருத்தியை அக்காவாக நியமிக்கிற வழக்கமே உண்டு. ஐம்பது வருடம் கழித்தும் ஒரே செட்டில் படித்த பாட்டிகள் வருஷா வருஷம் கூடிக் கதை பேசினார்கள்.

கவனியுங்கள். அந்த நட்பை மருத்துவமனை கொடுக்கவில்லை. சுவர் கொடுத்தது. ஒரே கூரைக்கு அடியில் அடைத்துப் போட்டதால் வந்த நட்பு அது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அந்தச் சுவருக்குள் நுழைய யாருக்கு அனுமதி? வயசுப் பெண். கல்யாணமாகாதவள். பெரும்பாலான இடங்களில் வெள்ளைக்காரி. கைக்குழந்தைக்காரி, விதவை, முப்பத்தைந்து வயதுக்காரி, ஆண்பிள்ளை — மூச்! கறுப்பினப் பெண்களுக்கு அநேகமாகத் தனிப் பள்ளிகள்தான். நர்ஸிங்கின் பெரிய தேசிய சங்கத்தில் சேர முடியாததால் அவர்கள் 1908-ல் தங்களுக்கென்று தனிச் சங்கமே வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. 1951-ல்தான் அது பெரிய சங்கத்தோடு இணைந்தது.

* * *

இரண்டாம் உலகப்போர் வந்தது. நர்ஸ்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். உள்ளூர் மருத்துவமனைகள் காலி. 1943-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒஹையோவைச் சேர்ந்த ஃப்ரான்சஸ் போல்ட்டன் என்ற பெண் எம்.பி. கொண்டுவந்த சட்டம். நர்ஸிங் படிக்க வருகிறாயா? ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை, அழகான சாம்பல் நிற யூனிஃபார்ம். பதிலுக்குப் போர் முடிகிற வரை நர்ஸாக வேலை பார்க்கிறேன் என்று உறுதி கொடுத்தால் போதும். மூன்று வருடப் படிப்பை முப்பது மாதமாகச் சுருக்கினார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் திட்டத்தில் படித்து வெளியே வந்தார்கள்.

யுத்தம் முடிந்தது. ஒரு கேள்வி மிச்சமிருந்தது. படிப்பைச் சுருக்கினோமே, ஆகாயம் இடிந்தா விழுந்துவிட்டது?

நியூயார்க் அருகே அடெல்ஃபி கல்லூரியில் யுத்தகாலத்தில் நர்ஸிங் பள்ளியைத் தொடங்கி நடத்திய ஒரு பெண்மணிக்கு இந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பெயர் மில்ட்ரெட் மான்டாக். 1908-ல் அயோவா மாநிலத்தின் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். முதலில் படித்தது வரலாறு. அப்புறம்தான் நர்ஸிங். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வை 1951-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அதில் அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நர்ஸ் படிப்பை மருத்துவமனையின் பிடியிலிருந்து எடுங்கள். கல்லூரியில் வையுங்கள். இரண்டு வருடம் போதும். மருத்துவமனைக்கு மாணவி கற்றுக்கொள்ளத்தான் போகவேண்டும், வேலை செய்து கொடுக்க அல்ல.

எந்தக் கல்லூரியில்? அங்கேதான் கம்யூனிட்டி காலேஜ் வருகிறது.

நம் ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், பாலிடெக்னிக்கையும் மாலைநேரக் கல்லூரியையும் கலந்து, ஃபீஸைக் குறைத்து, பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் கொண்டு வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். இலினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் ஆறே ஆறு மாணவர்களுடன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய ஜூனியர் காலேஜிலிருந்து இந்த வம்சத்தைக் கணக்கிடுகிறார்கள். 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்றது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பிரபலமானதும் அந்த அறிக்கையால்தான்.

1952 ஜனவரியில் மான்டாக்கின் பரீட்சை தொடங்கியது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். ஏழு கல்லூரிகள், ஒரு மருத்துவமனைப் பள்ளி. நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச் கவுன்ட்டி, மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு பெயரிலான கல்லூரி, யூட்டாவில் வீபர், கலிஃபோர்னியாவில் பாசடீனா என்று நாலா திசையிலும். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த வர்ஜினியாவில், கறுப்பின மாணவர்கள் படித்த ஒரு கல்லூரியும் அந்த ஏழில் ஒன்று. 1956 வரை ஐந்து வருடம் ஓடியது.

மூத்தவர்கள் சிரித்தார்கள். மூன்று வருடம் வார்டில் முழங்கால் தேய்ந்தவர்களுக்கு, இரண்டு வருடத்தில் நர்ஸா என்ற கோபம். நியாயமான கோபம்தான். ரிசல்ட் வந்தது. மாநில லைசென்ஸ் பரீட்சை எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் முதல் தடவையே பாஸ். பழைய பள்ளி மாணவிகள் எழுதிய அதே பரீட்சை, அதே கேள்வித்தாள்.

சிரிப்பு நின்றது. 1959-ல் கெல்லாக் அறக்கட்டளை, அதாவது கார்ன்ஃப்ளேக்ஸ் விற்ற பணம், நாலு மாநிலங்களில் இந்தப் படிப்பைப் பரப்ப நிதி கொடுத்தது. 1970-கள் முடிவதற்குள் மற்ற எந்த வழியையும்விட இந்த வழியில் வந்த புதிய நர்ஸ்கள்தான் அதிகம் என்று ஆகிவிட்டது.

* * *

சரி, யார் வந்து சேர்ந்தார்கள்?

பழைய சுவர் யாரையெல்லாம் வெளியே நிறுத்தியதோ, அவர்கள்தான். குழந்தை பெற்ற பெண்கள். விவாகரத்தானவர்கள். பகலில் ஹோட்டலில் பரிமாறிவிட்டு வந்தவர்கள். பத்து வருடமாக அதே மருத்துவமனையில் பெட்பேன் எடுத்துக்கொண்டிருந்த உதவியாளர்கள். கறுப்பினப் பெண்கள். ஃபேக்டரியில் வேலை போன ஆண்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கிலீஷில் தடுமாறியவர்கள்.

கதவு திறந்துவிட்டது. ஆனால் சுவர் போய்விட்டதே!

விடுதி இல்லை. வார்டன் அம்மா இல்லை. பக்கத்துக் கட்டிலும் இல்லை. வகுப்பு முடிந்தால் ஒவ்வொருத்தரும் ஒரு திசையில் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருத்தருக்கு ஐந்து மணி ஷிஃப்ட். ஒருத்தர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவேண்டும். முதல் நோயாளி இறந்த இரவில் வீட்டில் இருப்பது புருஷன்தான். அவருக்கு என்ன புரியும், பாவம்? சாப்பாடு ஏன் ஆறிப்போயிருக்கிறது என்றுதான் கேட்பார்.

படிப்போ லேசுப்பட்டதில்லை. இரண்டு வருடம் என்பது பெயருக்குத்தான். உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு வந்தால்தான் நர்ஸிங் சீட்டுக்கே வரிசையில் நிற்க முடியும். ஆக, பலருக்கு மூன்று, நாலு வருடம்கூட ஆகிவிடும். பல கல்லூரிகளில் பாஸ் மார்க் 75-க்கும் மேலே. மருந்து அளவுக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்தால் வார்டுக்குள் விடமாட்டார்கள். இதில் கருணை காட்ட முடியாது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஒரு குழந்தை செத்துப்போகும்.

ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த வருடம் வரை காத்திருந்து திரும்ப எழுதலாம். இரண்டாவது தடவையும் தோற்றால் அநேகமாக வெளியேதான்.

இந்த இடத்தில்தான் அவர்கள் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தாங்களாகவே ஒரு விடுதியைக் கட்டிக்கொண்டார்கள். செங்கல் இல்லாத விடுதி.

அதன் முகவரி, யாராவது ஒருத்தர் வீட்டுச் சமையலறை மேஜை. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நாலு பேர். ஒருத்தருக்கு இதயம், ஒருத்தருக்குச் சிறுநீரகம், ஒருத்தருக்கு நுரையீரல், ஒருத்தருக்கு மூளை. பயப்படாதீர்கள், அத்தியாயத்தைச் சொல்கிறேன். ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்து, குறிப்பெடுத்து, நாலு ஜெராக்ஸ். ஊசி போட்டுப் பழக ஆரஞ்சுப்பழம். ரத்த அழுத்தம் பார்க்க ஒருத்தர் கையை ஒருத்தர் நீட்டியாகவேண்டும். நோயாளியே இல்லாத இடத்தில் தோழியே நோயாளி.

கணக்கில் கெட்டிக்காரர் மருந்து அளவு சொல்லித் தருவார். ஏற்கெனவே உதவியாளராக வேலை பார்த்தவர், படுக்கையில் இருக்கிற ஆளை அசைக்காமல் விரிப்பு மாற்றுகிற சூட்சுமம் சொல்லித் தருவார். மூன்று பிள்ளை பெற்றவர் பிரசவ வார்டுக்குக் கிளம்புகிற இருபது வயதுப் பெண்ணிடம் பயப்படாதே என்பார். அந்த இருபது வயதுப் பெண் பதிலுக்கு அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுத் தருவாள். நடுவே யாரோ வைத்த சூப் கொதித்துக்கொண்டிருக்கும்.

மறுபடி என் கணக்குப் புத்தி. இங்கே ஒவ்வொருத்தரும் கொடுத்தது ஒரு பங்கு. வாங்கிக்கொண்டது நாலு பங்கு. எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இப்படி ஒரு கணக்கு டேலி ஆகாது. இங்கே ஆகிறது.

மருத்துவமனையில் இன்னொரு வழக்கமும் உண்டு. எட்டுப் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியை. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து, இன்று என்ன பார்த்தேன், எங்கே தப்புச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் பக்கத்துக் கட்டில் செய்த வேலையை இந்த அரைமணி நேரம் கொஞ்சம் செய்கிறது. அழுகிறவர் அழலாம். அடுத்த ஆள் காகிதக் கைக்குட்டையை நீட்டுவார்.

இந்த உதவி வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. மான்டாக்கின் பரீட்சை தொடங்கிய அதே 1952-ல் நர்ஸிங் மாணவர்களுக்கென்றே ஒரு தேசிய சங்கம் உருவானது. மாணவர்களே நடத்துகிற சங்கம். 1965-ல் அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கறுப்பின, ஸ்பானிய, பூர்வகுடிப் பிள்ளைகளைத் தேடிப்போய் நர்ஸிங்குக்குக் கூட்டிவருவது, வந்தவர்கள் பாதியில் போய்விடாமல் பிடித்துக்கொள்வது. பெரியவர்கள் மேடையில் சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தாங்களே இன்னும் பரீட்சை பாஸ் பண்ணாத பிள்ளைகள் அதைச் செய்து காட்டினார்கள்.

* * *

எல்லாம் சுபம் என்று முடித்துவிட்டால் அது சினிமா. இரண்டு கசப்புகளைச் சொல்லியாகவேண்டும்.

முதல் கசப்பு 1965-ல் வந்தது. அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. உண்மையான தொழில்முறை நர்ஸ் என்றால் நாலு வருட பட்டப்படிப்பு வேண்டும், இரண்டு வருடக்காரர்கள் டெக்னிக்கல் நர்ஸ்கள். வேடிக்கை என்னவென்றால், மான்டாக்கே ஆரம்பத்தில் டெக்னீஷியன் என்ற வார்த்தையைத்தான் பயன்படுத்தினார். ஆனால் லைசென்ஸ் ஒன்று, பரீட்சை ஒன்று, வார்டில் வேலை ஒன்று. பெயர் மட்டும் இரண்டா? அன்று மூண்ட சண்டை இன்னும் அணையவில்லை. வடக்கு டகோட்டா மாநிலம் 1980-களில் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கியது. 2003-ல் அதை விலக்கிக்கொண்டது. நியூயார்க் 2017-ல் நடுவழி கண்டுபிடித்தது. இரண்டு வருடம் படித்து வேலையில் சேர், பத்து வருடத்துக்குள் பட்டம் வாங்கிவிடு.

எதிர்த்தரப்பு வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. பட்டதாரி நர்ஸ்கள் அதிகமுள்ள மருத்துவமனைகளில் ஆபரேஷன் நோயாளிகளின் மரணம் குறைவு என்று லிண்டா எய்க்கன் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உயிர் விஷயம். ஆனால் நாலு வருடக் கல்லூரி வாசலிலேயே கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிப்போகிற ஒரு பெண்ணுக்கு, கம்யூனிட்டி காலேஜை விட்டால் வேறு கதவு எங்கே இருக்கிறது? முதலில் உள்ளே விடுங்கள், பிறகு மேலே ஏற்றுங்கள் என்பதுதான் இப்போது பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிற வழி.

இரண்டாவது கசப்பு இன்னும் நுட்பமானது. கம்யூனிட்டி காலேஜில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் அதன் நர்ஸிங் வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேர முடியாது. சொல்லித் தர ஆசிரியர்கள் போதவில்லை. பயிற்சி தர மருத்துவமனைகளில் இடமில்லை. ஆகவே சீட்டு கொஞ்சம், ஆட்கள் ஏராளம். சில கல்லூரிகளில் வருடக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல், சில இடங்களில் குலுக்கல், சில இடங்களில் கால் மார்க்கில் போச்சு. உடற்கூறு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண், உன் சீட்டைத் தட்டிப்பறிக்கப்போகிற போட்டியாளர். குறிப்பைக் கடன் கொடுத்தால் நஷ்டம் உனக்குத்தான்.

அப்படி முட்டி மோதி உள்ளே வந்தவர்கள், வந்த மறுவாரமே ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால்? ஆச்சரியம்தான். காரணம் எளிமையானது. சீட்டுக்கு அளவு உண்டு. பாஸ் ஆவதற்கு அளவு கிடையாது. நீ தேறினால் நான் தோற்கவேண்டியதில்லை. இந்தச் சின்ன உண்மை புரிந்த வகுப்புகள் கரையேறின. புரியாத வகுப்புகளில் ஒவ்வொரு தவணையிலும் சில நாற்காலிகள் காலியாயின.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பல மருத்துவமனைகள் மாணவர்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்தின. சமையலறை மேஜைக்கும் ஆபத்து வந்தது. நாலு பேர் கூடக்கூடாதே? மேஜை கம்ப்யூட்டர் திரைக்கு மாறியது. நாலு சதுரத்தில் நாலு முகம். ஒருத்தர் மடியில் குழந்தை. ஒருத்தர் முகத்தில் நாள் முழுக்க மாஸ்க் போட்ட தழும்பு. அவர் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர். புத்தகத்தில் படிக்கிற விஷயத்தை அவர் அன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

* * *

கடைசியில் ஒரு பரீட்சை இருக்கிறது. என்க்ளெக்ஸ் என்று பெயர். 1994 முதல் கம்ப்யூட்டரில்தான். விசித்திரமான பரீட்சை. நீங்கள் சொல்கிற பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை அது தீர்மானிக்கும். இந்த ஆள் தேறுவார் அல்லது தேறமாட்டார் என்று அதற்கு நிச்சயமானதும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். எந்தக் கேள்வியோடு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நல்லதுக்கு நின்றதா, கெட்டதுக்கு நின்றதா என்று அந்த நிமிஷம் தெரியாது.

அந்த அறைக்குள் தோழி வர முடியாது. அங்கே தனிதான்.

வெளியே வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், காரில் உட்கார்ந்து அந்த மூன்று பேருக்கு போன் போடுவது. வீட்டுக்குப் பிறகுதான்.

அதற்கு முன்னால், கல்லூரியில் ஒரு சடங்கு நடந்திருக்கும். பின் குத்தும் விழா. ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி பின். பெல்வியூ பள்ளி 1880-ல் கொடுத்த பின்னில் நடுவே ஒரு கொக்கு இருந்தது. விழிப்பின் அடையாளம். வள்ளுவருக்குத் தெரிந்த அதே கொக்கு. கம்யூனிட்டி காலேஜிலும் அந்த மரபு தொடர்கிறது. கையில் விளக்கு, வெள்ளை உடை, உறுதிமொழி. பல கல்லூரிகளில் பின்னைக் குத்திவிடுகிற ஆளை மாணவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சிலர் அம்மாவை அழைப்பார்கள். சிலர் புருஷனை. சிலர் ஏழு வயது மகளை. மகள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று அம்மாவின் சட்டையில் குத்திவிடுவாள். அரங்கமே மூக்கைச் சிந்தும்.

அன்று மேடையில் சொல்லாத ஒரு விஷயத்தை அங்கே இருக்கிற எல்லோரும் அறிவார்கள். லிண்டா ரிச்சர்ட்ஸ் காலத்தில் மாணவிகளை ஒன்றாக வைத்தது பூட்டிய கதவு. மான்டாக் அந்தப் பூட்டை உடைத்தார். கூடவே நட்பும் உடைந்து போயிருக்கவேண்டும். போகவில்லை. ஏனென்றால் பூட்டு இல்லாத கதவை ஒரு பெண் விடிகாலை நாலே முக்காலுக்குத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தியின் குழந்தைக்காக.

ஒருநாள் நமக்கு உடம்புக்கு முடியாமல் போய், நடுராத்திரியில் மணி அடிக்கிறோம். ஒரு நர்ஸ் வருகிறார். அவர் எந்தக் கல்லூரியில், எத்தனை வருடம் படித்தார் என்று பார்ப்பது அவசியம்தான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவதை அவர் எங்கே பழகியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

அதற்குச் சர்ட்டிஃபிகேட் எதுவும் கிடையாது.